தோடிக்கு ஓடுகிறது, கல்யாணிக்கு விழுகிறது

மயிலாப்பூர் சபா ஒன்றின் மார்கழிக் கச்சேரிகளை நேரலையில் அனுப்ப, ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற நேரலை மென்பொருளுக்கு நீங்களே ஒரு செருகுநிரல் (பிளகின்) எழுதியிருக்கிறீர்கள். பாடகர், ராகம், தாளம், இயற்றியவர் என்று 4 வரிகளை ஓர் உரைக் கோப்பிலிருந்து படித்து, திரையின் அடியில் பட்டையாகக் காட்டுகிறது அது. ஆங்கிலப் பட்டியலோடு நாள் முழுவதும் தொல்லையின்றி ஓடியது. தமிழுக்கு மாற்றியதும் தோடியும் பைரவியும் சரியாக வருகின்றன. கல்யாணி வந்தால் குப்பை எழுத்து. ஹரிகாம்போதி வந்த அன்று செயலியே மூடிக்கொண்டது. சில பெயர்களின் வால் அறுந்து போகிறது. கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்தால் விண்டோஸில் கோப்பு திறப்பதே இல்லை. 3 மணி நேரத்தில் சுமார் 180 மெகாபைட் நினைவகம் கூடுகிறது. எல்லாச் சரங்களையும் (எழுத்துத் தொடர்களை) பிரதி எடுத்துவிட்டால் தீருமா, எதை யார் விடுவிக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

பிரதி எடுத்தால் முதல் கோளாறு தீரும். மற்றவை வேறு வேறு இடங்களிலிருந்து வருகின்றன. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தமிழ் உங்கள் நிரலைக் கெடுக்கவில்லை. பிழைகள் ஆங்கிலப் பட்டியல் ஓடிய நாளிலேயே இருந்தன. ஆங்கிலப் பெயர்கள் குட்டையாக இருந்ததால் அவை வெளியே தெரியவில்லை. ‘தமிழ் போட்டால் ஓடாது, ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

முதலில் கல்யாணி. நீங்கள் அனுப்பிய பகுதியில், ராகத்தின் பெயரைச் சி++ மொழியின் வழக்கமான ஸ்ட்ரிங் வகையில் வைத்திருக்கிறீர்கள். செருகுநிரல் உருவாகும்போது ஒரே ஒருமுறை அதன் உள்ளிருக்கும் எழுத்துகளின் முகவரியை எடுத்து, படம் வரையும் பகுதிக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். பிறகு ராகம் மாறும்போதெல்லாம் ஸ்ட்ரிங்குக்குள் புதுப் பெயர் போகிறது. வரையும் பகுதியோ பழைய முகவரியையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இது ஏன் ஆங்கிலத்தில் வேலை செய்தது? விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலரும் லினக்ஸில் ஜிசிசியும் தரும் ஸ்ட்ரிங், 15 பைட் வரையுள்ள சரத்தைத் தன் உடம்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால்தான் வெளியே நினைவகம் கேட்கும். 15 பைட்டுக்குள் எத்தனை முறை மாற்றினாலும் முகவரி மாறாது. ஆங்கிலத்தில் கரகரப்ரியா 14 எழுத்து, ஹரிகாம்போதி 12. சங்கராபரணம்கூட ‘எஸ்’ மட்டும் போட்டு எழுதினால் 15, உள்ளே அடங்கிவிடும். ‘எஸ்ஹெச்’ என்று தொடங்கியிருந்தால் 16 ஆகி, ஆங்கிலப் பட்டியலிலேயே பிழை வெளிப்பட்டிருக்கும். உங்கள் பட்டியலில் அப்படி எழுதவில்லை, அவ்வளவுதான்.

தமிழுக்கு வாருங்கள். யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். குறி என்று நான் சொல்வது எழுத்தை அல்ல. ‘தோ’ நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ‘த’ ஒரு குறி, ஓகார உயிர்க்குறி இன்னொரு குறி. புள்ளியும் தனிக் குறி. இப்படி எண்ணினால் தோடி 4 குறி, 12 பைட். பைரவி 5 குறி, சரியாக 15 பைட். நூலிழையில் உள்ளே அடங்குகிறது. கல்யாணி 7 குறி, 21 பைட். அந்த நொடியில் ஸ்ட்ரிங் வெளியே இடம் தேடிப் போகிறது. எழுத்துகள் இருந்த உட்பகுதியில் இப்போது வேறு கணக்கு உட்காருகிறது. விண்டோஸில் புது இடத்தின் முகவரி எண்ணே அங்கு வந்துவிடும். உங்கள் வரையும் பகுதி அந்த எண்ணை எழுத்து என்று நினைத்துப் படிக்கிறது. நீங்கள் பார்த்த ஆறேழு பைட் குப்பை அதுதான்.

ஹரிகாம்போதி நாளில் நடந்தது இதைவிடக் கடுமையானது. அன்று பட்டியல் கல்யாணி வர்ணத்தோடு தொடங்கியிருக்கிறது. ஆகவே எடுத்த முகவரி முதலிலிருந்தே வெளி நினைவகத்தைச் சுட்டியது. 21 பைட்டுக்கு இடம் கேட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்ட்ரிங் 31 பைட் கொள்ளும் இடத்தை ஒதுக்கும். அடுத்து வந்த கரகரப்ரியா 30 பைட். அதே இடத்தில் அடங்கிவிட்டது, நீங்களும் எல்லாம் சரி என்று நம்பியிருக்கிறீர்கள். ஹரிகாம்போதி 33 பைட். ஸ்ட்ரிங் இன்னும் பெரிய இடத்துக்குக் குடிபெயர்ந்து, பழைய இடத்தைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டது. வரையும் பகுதி காலி செய்த வீட்டுக் கதவைத் தட்டியது. மேக்கில் உங்கள் நண்பருக்குக் கல்யாணி சரியாக வந்து காம்போதியில் கெட்டதற்கும் காரணம் இதுவே: அங்குள்ள சி++ லைப்ரரி 22 பைட் வரை உள்ளே வைத்துக்கொள்ளும், காம்போதி 24.

தீர்வு சிறியது. முகவரியைச் சேமிக்காதீர்கள், வரையும் பகுதிக்குச் சொந்தமாக ஒரு பிரதி இருக்கட்டும். முகவரி தேவைப்படும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணத்தில் கேட்டு வாங்கி, அந்தக் கணத்திலேயே பயன்படுத்தி முடித்துவிடுங்கள்.

இப்போது யாருக்கு எது சொந்தம் என்ற கேள்வி. நான் ஒரு செருகுநிரலைப் படிக்கும்போது ஒவ்வொரு பாயிண்டர் (நினைவக முகவரி) அருகிலும் 3 கேள்விகளைக் கேட்பேன்: இதை ஒதுக்கியது யார், எதுவரை செல்லும், விடுவிப்பது யார். பதில் ஆவணத்தில் இருக்கும், ஊகிக்கக் கூடாது. ஓபிஎஸ்ஸில் அமைப்புகளிலிருந்து சரம் கேட்கும் ‘ஓபிஎஸ் டேட்டா கெட் ஸ்ட்ரிங்’ தருவது இரவல் பாயிண்டர். விடுவிக்கக் கூடாது, அந்த அமைப்பின் மதிப்பு மாறினாலோ அமைப்புப் பொருளே மறைந்தாலோ அது செல்லாது. மூலத்தின் பெயரைக் கேட்டு வாங்குவதும், மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்து ‘ஓபிஎஸ் மாட்யூல் டெக்ஸ்ட்’ எடுத்துத் தருவதும் அப்படியே. ஆனால் செருகுநிரலின் தரவுக் கோப்புக்குப் பாதை தரும் ‘ஓபிஎஸ் மாட்யூல் ஃபைல்’ உங்களுக்கென்றே ஒதுக்கிக் கொடுக்கிறது; வேலை முடிந்ததும் ‘பிஃப்ரீ’ கொண்டு நீங்கள்தான் விடுவிக்க வேண்டும். கோப்பு இல்லையென்றால் வெற்றுப் பாயிண்டர் வரும் என்பதையும் மறக்காதீர்கள். வகையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்: ‘கான்ஸ்ட்’ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இரவல், ஒட்டாவிட்டால் பெரும்பாலும் உங்களுடையது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், ஆவணத்தைப் பார்த்துவிடுங்கள்.

இரவல் சரத்தை வைத்துக்கொள்ள வேண்டுமானால் ‘பிஸ்டிர்டூப்’ பிரதி எடுத்துத் தரும். அப்படி எடுத்ததைச் சி மொழியின் சாதாரண ‘ஃப்ரீ’ கொண்டு விடுவிக்காதீர்கள். உங்கள் நிரலில் இரண்டு இடங்களில் அப்படி இருக்கிறது. ஓபிஎஸ் தன் நினைவகத்தை 32 பைட் எல்லையில் ஒழுங்குபடுத்தித் தருவதால், உங்கள் கைக்கு வரும் முகவரியும் அடியில் ஒதுக்கப்பட்ட முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. எந்தக் கடையில் வாங்கினீர்களோ அந்தக் கடையில்தான் திருப்பிக் கொடுக்க முடியும். ஒரு டிஎல்எல் கோப்பில் ஒதுக்கியதை இன்னொரு டிஎல்எல்லில் விடுவிப்பதற்கும் இதே தடை. சி++ ஸ்ட்ரிங்கையே எல்லை தாண்டி அனுப்புவதையும் தவிருங்கள்: மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் டீபக் கட்டமைப்பிலும் ரிலீஸ் கட்டமைப்பிலும் அதன் உள்ளமைப்பே வேறுபடும். செருகுநிரலை ஏற்று ஓட்டும் தாய்ச் செயலிகள் பெரும்பாலும் வெறும் சி மொழி இடைமுகம் வைத்திருப்பது இதனால்தான்.

தாய்ச் செயலி மாறினால் ஒப்பந்தமும் மாறும். நீங்கள் பின்னால் வேறு காணொளிச் செயலிகளுக்கும் எழுத நினைப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அவிசிந்த் செருகுநிரல் ஒரு சரத்தைத் திருப்பித் தரும்போது, அதைச் சூழலின் ‘சேவ்ஸ்ட்ரிங்’ வழியாகவே தர வேண்டும்; அதன் மதிப்பு வகை சரத்தைத் தானாகப் பிரதி எடுப்பதும் இல்லை, விடுவிப்பதும் இல்லை. உள்ளூர் பஃபரின் முகவரியைத் திருப்பினால், செயற்கூறு (ஃபங்ஷன்) முடிந்ததும் அது வெற்றிடம். வேப்பர்சிந்த் நேர்மாறு: மேப்பில் நீங்கள் இடும் தரவைத் தானே பிரதி எடுத்துக்கொள்ளும், அதிலிருந்து நீங்கள் வாங்கும் பாயிண்டர் அந்த மேப் இருக்கும்வரைதான். ஓப்பன் எஃப்எக்ஸில் பண்பாகக் கிடைக்கும் சரம் தாய்ச் செயலிக்குச் சொந்தம். வைத்துக்கொள்ள வேண்டுமானால் பிரதி எடுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒரு பொருளின் பெயரைக் கேட்டால் யுடிஎஃப்-16 சரம் ஒரு நினைவகக் கைப்பிடிக்குள் வரும்; அதை விடுவிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஜிஸ்ட்ரீமரில் பொருளிடம் ஒரு பண்பைக் கேட்டு வாங்கும் சரம் உங்களுடையது, மதிப்புப் பெட்டியிலிருந்து நேரே எடுப்பது இரவல். ஒரே சட்டகத்தில் இருக்கும் இரண்டு செயற்கூறுகளுக்கே இரண்டு விதி.

அறுந்துபோகும் பெயர்களுக்கு வருகிறேன். இயற்றியவர் பெயருக்கு 32 பைட் வரிசை ஒன்றை வைத்து, 31 பைட் வரை பிரதி எடுக்கிறீர்கள். சங்கீத மும்மூர்த்திகளையே வைத்துப் பாருங்கள். தியாகராஜர்: 10 குறி, 30 பைட், முழுதாக வருகிறார். முத்துசுவாமி தீட்சிதர்: ‘முத்துசுவா’ வரை 30 பைட் முடிந்துவிடுகிறது, 31ஆவது பைட் ‘ம’வின் முதல் துண்டு. திரையில் நீங்கள் பார்த்த கேள்விக்குறிக் கட்டம் அந்தத் துண்டுதான். சியாமா சாஸ்திரி: முதல் சொல் 18, இடைவெளி 1, பிறகு ‘சாஸ்’ என்பது 12, ஆக 31. எந்தக் குறியும் உடையவில்லை, கட்டமும் வரவில்லை; ‘சியாமா சாஸ்’ என்று ஒரு பெயர் ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் நேரலையில் போய்விட்டது. மூன்றிலும் இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் எந்தச் சோதனைக் கருவியும் இதைப் பிழை என்று சொல்லாது.

உடைந்த பைட்டைத் தவிர்ப்பது எளிது. வெட்டும் இடத்திலிருந்து பின்னோக்கி நகர்ந்து, தொடர்ச்சி பைட்டுகளைக் கடந்து, ஒரு குறியின் தொடக்கத்தில் நில்லுங்கள். ஆங்கில நூல்கள் அதோடு விட்டுவிடும். தமிழுக்கு அது போதாது. ‘கல்யாணி’யை 18 பைட்டில் அப்படி வெட்டினால் ‘கல்யாண’ என்று கிடைக்கும். கணினிக்கு நிறைவான சரம், நமக்குத் தவறான சொல். உயிர்க்குறியையும் புள்ளியையும் அவற்றின் மெய்யிலிருந்து பிரிக்காமல் முழு எழுத்தாக வெட்ட வேண்டும். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ போன்றவையும் பிளவுபடக் கூடாது. யுனிகோடு உரையைக் கையாளும் ஐசியு லைப்ரரி உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றின் எல்லைகளைக் கண்டுபிடித்துத் தரும்; ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ ஆகியவற்றை அது இரண்டாகப் பிரிக்கும் என்பதால் அவற்றை நீங்களே சேர்த்துப் பிடிக்க வேண்டும். எழுத்து எழுத்தாகத் தோன்றும் தட்டச்சு விளைவு சேர்க்கப்போவதாகச் சொன்னீர்களே, அதற்கும் இது வேண்டும். குறி குறியாகக் காட்டினால் ‘கல்’ வருவதற்கு முன் ‘கல’ என்று ஒரு கணம் மின்னும்.

உண்மையில் நீங்கள் பைட் கணக்கில் வெட்டவே வேண்டாம். நிலையான வரிசையை எடுத்துவிட்டு, நீளத்துக்கேற்ப ஒதுக்குங்கள். பெயர் பட்டைக்குள் அடங்குமா என்பதைப் பிக்சல் அகலத்தில் அளந்து, அடங்காவிட்டால் எழுத்தின் அளவைக் குறையுங்கள். நிலையான வரிசையைத் தாய்ச் செயலியே கட்டாயப்படுத்தும் இடங்கள் உண்டு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் அளபுருப் பெயர் 32 பைட் வரிசைதான். அங்கே ஒவ்வொரு பெயரையும் கையால் எண்ணிச் சுருக்கமாக வையுங்கள். ‘ஒளிர்வு அளவு’ என்ற சாதாரணப் பெயரே யுடிஎஃப்-8இல் 34 பைட்.

கோப்பு திறக்காததற்குக் காரணம், சி மொழியின் ‘எஃப்ஓப்பன்’ விண்டோஸில் பாதையைப் பழைய ஆன்சி குறிப்பக்கத்தின்படி (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) படிப்பது. தமிழுக்கென்று அப்படியொரு ஆன்சி குறிப்பக்கம் விண்டோஸில் எப்போதும் இருந்ததில்லை. தமிழ் அங்கே யுனிகோடாக மட்டுமே வந்தது. ஆகவே ‘மார்கழி’ என்ற கோப்புறையை அந்த வழியில் திறக்க இயலாது. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து ஒரு செயலி தன் குறிப்பக்கத்தை யுடிஎஃப்-8 என்று அறிவித்துக்கொள்ளலாம், ஆனால் அது தாய்ச் செயலியின் உரிமை. விருந்தாளியாகப் போகும் செருகுநிரல் அதை மாற்ற முடியாது. ஓபிஎஸ் தரும் ‘ஓஎஸ் எஃப்ஓப்பன்’ பயன்படுத்துங்கள், அது யுடிஎஃப்-8 பாதையை அகல எழுத்துகளாக மாற்றித் திறக்கும். பாதைக்கு 260 பைட் வரிசை வைத்திருப்பதையும் எடுத்துவிடுங்கள். விண்டோஸின் 260 என்பது யுடிஎஃப்-16 அலகுகளின் எண்ணிக்கை. தமிழ்ப் பாதை யுடிஎஃப்-8இல் அதைப்போல் ஏறக்குறைய 3 மடங்கு ஆகலாம். இது வெறும் அறுந்த பெயர் அல்ல. பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதும் ஓட்டை.

இதோடு ஒட்டிய சிறு செய்தி: ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பழைய மேக் வட்டுகளில் இருந்த கோப்புப் பெயர்கள் இரண்டாவது வடிவில் இருக்கும். அப்போது தோடி 15 பைட். ராகத்தின் பெயரைக் கொண்டு படக் கோப்பைத் தேடுகிறீர்கள் என்றால், ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசியாகக் கசிவு. சரங்கள் இவ்வளவு நினைவகத்தைத் தின்னாது. ஃபிரேமுக்கு 64 பைட் வீதம், நொடிக்கு 25 ஃபிரேம் என்று 12 மணி நேரம் கசிந்தாலும் 69 மெகாபைட்தான். உங்களுக்கு 3 மணி நேரத்தில் 180. ஆகவே கசிவது படம். உங்கள் வரி ஒவ்வொன்றும் 1920க்கு 200 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட்: 15,36,000 பைட். 10 உருப்படி, ஒவ்வொன்றுக்கும் தோன்ற, மாற, மறைய என 3 மாற்றம், ஒவ்வொரு மாற்றத்திலும் 4 வரியும் புதிதாக வரையப்படுகின்றன: 120 படங்கள், 184 மெகாபைட். கணக்கு இவ்வளவு ஒட்டி வரும்போது சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: புதுப் படத்துக்கு இடம் வாங்கும் முன் பழையதை விடவில்லை. உங்கள் நிரலில் பழையதை விடுவிக்கும் வரி இருக்கிறது, ஆனால் ‘சரம் காலியாக இருந்தால் திரும்பிவிடு’, ‘எழுத்துரு கிடைக்காவிட்டால் திரும்பிவிடு’ என்ற வரிகளுக்குக் கீழே இருக்கிறது. பாயிண்டரை வெறுமையாக்குவது மட்டும் அவற்றுக்கு மேலேயே நடந்துவிடுகிறது. விடுவிப்பதைப் பாயிண்டரை வெறுமையாக்கும் வரிக்கும் மேலே கொண்டுபோங்கள். இன்னும் நல்லது, படத்தை ஒரு சிறு வகுப்புக்குள் வைத்து, அதன் அழிப்பான் விடுவிக்கும்படி செய்வது; எந்த வழியாக வெளியேறினாலும் வேலை நடக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சாலிகிராமத்தில் ஓர் எடிட்டிங் கூடத்துக்காக நான் எழுதிய செருகுநிரலில், இப்படியே இடையில் திரும்பும் ஒரு வரி ஃபிரேமுக்கு ஒரு முழு எச்டி படத்தைக் கசியவிட்டது. ஒரு படம் 82,94,400 பைட். நொடிக்கு 25 என்றால் 207 மெகாபைட். 40 நொடியில் 8 கிகாபைட் கணினி திணறி நின்றது. மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய படம் அது. அந்த இரவு அங்கே காத்திருந்தவர்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து ஒதுக்குவதும் விடுவிப்பதும் ஒரே கண்பார்வையில் இருக்க வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஓபிஎஸ் மூடும்போது தன் பதிவுக் கோப்பில் எத்தனை ஒதுக்கீடுகள் விடுபடாமல் நிற்கின்றன என்ற எண்ணை எழுதும். ஒவ்வொரு நாளும் பாருங்கள், அது 0 ஆக இருக்க வேண்டும். ஆனால் அது தன் வழியாக ஒதுக்கியதை மட்டுமே எண்ணும். சி++ ‘நியூ’ வழியாக நீங்கள் வாங்கியது அதன் கணக்கில் வராது. அதற்கு, நினைவகப் பிழைகளை நிரல் ஓடும்போதே பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரிலும் 2021இலிருந்து அது அதிகாரபூர்வமாகக் கிடைக்கிறது, ஆனால் அங்கே கசிவைக் காட்டாது; கசிவுக்கு லினக்ஸில் ஓட்டுங்கள். முழு ஓபிஎஸ்ஸோடு அதை ஓட்டுவது சிரமம். சரம் படிப்பது, வெட்டுவது, வரைவது ஆகிய பகுதிகளைத் தனியாகப் பிரித்து, கட்டளை வரியில் ஓடும் ஒரு சிறு சோதனை நிரலோடு இணையுங்கள். பட்டியலை உள்ளிட்டு ஆயிரம் முறை சுற்றவிடுங்கள். பட்டியல் கல்யாணியில் தொடங்கினால், ஹரிகாம்போதிப் பிழையை அது முதல் சுற்றிலேயே, எந்த வரி என்று காட்டிவிடும்; கல்யாணிக் குப்பையை மட்டும் காட்டாது, ஏனென்றால் அங்கே படிக்கப்படும் இடம் இன்னும் ஸ்ட்ரிங்குக்குச் சொந்தமானதுதான்.

இழைகள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் நிரல் பகுதிகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. ‘அடுத்தது’ பொத்தானுக்கான நிரல் இடைமுக இழையில் ஓடுகிறது, படம் வரைவது வேறோர் இழையில். பிரதி எடுக்கும் அந்தக் கணத்தில் மற்றது மாற்றிக்கொண்டிருக்கலாம். ஒரு பூட்டு போடுங்கள். பூட்டுக்குள் சரத்தை மட்டும் பிரதி எடுத்துவிட்டு உடனே வெளியே வாருங்கள். எழுத்துருவை ஏற்றுவதும் படம் வரைவதும் பூட்டுக்கு வெளியே நடக்கட்டும், இல்லாவிட்டால் நேரலையில் ஃபிரேம்கள் விழும்.

சோதனைப் பட்டியலில் இந்த வரிசையையே வையுங்கள்: தோடி, பைரவி, கல்யாணி, கரகரப்ரியா, ஹரிகாம்போதி, காலி வரி, மறுபடி தோடி. காலி வரியை விட்டுவிடாதீர்கள், இடையில் திரும்பிவிடும் வழியை அதுதான் சோதிக்கும். பிறகு அதே பட்டியலைத் தலைகீழாக ஒருமுறை ஓட்டுங்கள். 12 பைட்டிலிருந்து 33க்கு ஏறும்போது தெரியாத பிழை சில சமயம் இறங்கும்போது தெரியும்.